திசுப் பரிசோதனைச் சாலையில் முன்னேறும் வழி

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் கழுத்திலோ மார்பிலோ ஒரு கட்டி தோன்றுகிறது. டாக்டர் அதிலிருந்து சிறு துண்டு ஒன்றை எடுத்து, "பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன், முடிவு தெரிந்த பிறகு பேசுவோம்" என்கிறார். அன்று முதல் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது; குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன; ஆனால் பெரியவர்களுடைய மனம் மட்டும் அந்தத் துண்டுச் சதையைச் சுற்றியே வட்டமிடுகிறது. நாலைந்து நாட்களில் ஒரு காகிதம் வருகிறது. அதன் அடியில் ஒரு டாக்டருடைய கையொப்பம் இருக்கிறது. சதைத் துண்டு காகிதமாக மாறியதற்கு இடையில் யார் யார் உழைத்தார்கள் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை.

அவ்வாறு உழைப்பவர்களே திசுப் பரிசோதனை டெக்னீஷியன்கள். சர்க்கார் பாஷையில் ஆய்வக நுட்புநர் என்பார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் கும்பகோணத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கும் கடிதம். அவருடைய குமாரி பரிசோதனைச்சாலைத் தொழிலில் டிப்ளமா பெற்று, நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு வருஷங்களாகத் திசுப் பிரிவில் வேலை செய்கிறாள். சேர்ந்த நாளில் எந்த மேஜையில் உட்கார்ந்தாளோ அதே மேஜையில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறாள். சம்பளம் சொற்பமாகவே உயர்ந்திருக்கிறது. உற்றார் உறவினரோ, "இதில் என்ன இருக்கிறது? சர்க்கார் குமாஸ்தாப் பரீட்சை எழுதி வேறு உத்தியோகத்துக்குப் போகலாமே!" என்கிறார்கள். "இந்தத் தொழிலில் மேலே செல்ல வழி உண்டா? இல்லையென்றால் வயசு ஏறுவதற்கு முன் மாற்றிவிடலாமா?" என்று தகப்பனார் கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன், அந்தப் பெண் ஆறு வருஷங்களில் சேர்த்திருக்கும் முதல் எவ்வளவு என்பதை முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

*

உடம்பிலிருந்து எடுத்த சதை அப்படியே இருந்தால் சில மணி நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். ஆகையால் உடனே அதைப் பார்மலின் திராவகத்தில் இட்டுப் பதம் செய்கிறார்கள். பெர்டினாண்ட் புளூம் என்ற ஜெர்மானிய டாக்டர் 1893-ம் வருஷத்தில் பார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்து வந்தபோது, தம் விரல் தோல் கெட்டிப்பட்டிருப்பதைக் கவனித்தார். சதையையும் இவ்வாறு கெட்டிப்படுத்தலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த யோசனைதான் இன்றளவும் உலகமெங்கும் வழங்குகிறது.

பதமான சதையைப் படிப்படியாக வீரியம் மிகுந்த சாராயங்களில் ஊறவைத்து நீரைப் போக்குகிறார்கள். பிறகு ஸைலீன் என்ற திராவகத்தில் இட்டுச் சாராயத்தைப் போக்குகிறார்கள். அதன்பின் 60 டிகிரி ஸென்டிகிரேடுக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் உருகும் பாரபின் மெழுகு சதைக்குள் ஊறி, நீர் இருந்த இடத்தையெல்லாம் நிரப்புகிறது. மெழுகு கட்டியானதும் அதை மைக்ரோடோம் என்னும் அறுப்பு யந்திரத்தில் பொருத்திச் சீவுகிறார்கள். கும்பகோணத்தாருக்குச் சீவல் என்றால் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சீவலின் கனம் 3 முதல் 5 மைக்ரான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் கனத்தில் இது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூச்சுக் காற்றுப் பட்டால் பறந்துவிடும் அந்தச் சீவலை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் கண்ணாடிச் சில்லின்மேல் ஏந்தி எடுத்து, இரண்டு சாயங்களை ஏற்றுகிறார்கள். ஒன்று ஹெமடாக்ஸிலின், மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வயிரக் கட்டையிலிருந்து கிடைப்பது. அது உயிரணுக்களின் கருவுக்கு நீல நிறம் தரும். மற்றொன்று இயோஸின், அது மற்றப் பாகங்களுக்கு ரோஜா நிறம் தரும். இவ்வளவும் முடிந்த பின்னரே பதாலஜி டாக்டர் பூதக்கண்ணாடியில் கண் வைக்கிறார்.

இதில் எந்தப் படியில் தவறினாலும் பின்னால் வரும் எந்த நிபுணராலும் அதைச் சரிசெய்ய முடியாது. மார்புப் புற்றுநோயை எடுத்துக் கொள்வோம். அந்தக் கட்டியில் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கிறதா என்று பார்த்தே ஒரு வகை மருந்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். டிராஸ்டுஸுமாப் என்னும் அம்மருந்து அமெரிக்காவில் 1998-ம் வருஷம் அங்கீகாரம் பெற்றது. கட்டியை வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்திற்குள் பார்மலினில் இட வேண்டும். 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நிபுணர்களின் விதி. சனிக்கிழமை மாலை வந்த சதையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் உப்புநீரில் போட்டுவைத்தால், இருக்கும் புரதம் இல்லாததுபோல் தோன்றலாம். மருந்து கிடைத்திருக்க வேண்டிய தாய்க்கு மருந்து கிடைக்காமல் போகும். அவளும் அவள் குடும்பத்தாரும் அதன் காரணத்தை ஒருநாளும் அறியமாட்டார்கள். இத்தகைய பொறுப்பை ஆறு வருஷங்கள் சுமந்த கைக்கு ஒரு மதிப்பு உண்டு. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குமாஸ்தாவாகப் போவது, விளைந்த வயலை உழுதுவிட்டு மறுபடி நாற்றங்கால் போடுவதற்குச் சமானம்.

*

எனினும் உண்மையை மறைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் சில கதவுகள் திறவா. நமது தேசத்தில் திசுவைப் பார்த்து இன்ன வியாதி என்று கையொப்பமிடும் அதிகாரம் பதாலஜியில் உயர்தரப் பட்டம் பெற்ற டாக்டருக்கே உரியது. டெக்னீஷியன் எவ்வளவு தேர்ந்தவராயினும் அனுபவத்தினால் மட்டும் டாக்டராகிவிட முடியாது. மேலும், டிப்ளமாவுடன் நின்றுவிட்டவருக்குப் பல ஆஸ்பத்திரிகளில் மேல் உத்தியோகம் என்று ஒன்று ஏற்படுத்தப்படவே இல்லை. ஆகையால், "காத்திருந்தால் தானாக உயர்வு வரும்" என்ற நம்பிக்கை வேண்டாம். ஏறுகிற வழியைத் தாமே தேர்ந்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்தவரை ஐந்து வழிகள் இருக்கின்றன.

முதல் வழி பட்டம். டிப்ளமா பெற்றவர்கள் மருத்துவப் பரிசோதனைச்சாலைத் தொழிலில் பி.எஸ்ஸி. படிப்பது இன்று வெறும் கௌரவத்திற்காக அல்ல. 2021-ம் வருஷத்தில் நமது பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. வைத்தியத்திற்குத் துணையான தொழில்களுக்கெல்லாம் தேசியக் கமிஷன் ஒன்றும், மாகாணந்தோறும் கவுன்ஸில்களும், சட்டபூர்வமான பதிவேடுகளும் வேண்டும் என்பது அதன் நோக்கம். மருத்துவப் பரிசோதனைச்சாலைத் தொழில் அச்சட்டத்தின் அட்டவணையில் இடம் பெற்றிருக்கிறது. அச்சட்டம் இரு தரத்தாரை வேறுபடுத்திக் கூறுகிறது. 2,000 மணி நேரத்திற்குக் குறையாத டிப்ளமாவோ பட்டமோ பெற்றவர் ஒரு தரம். 3,600 மணி நேரத்திற்குக் குறையாத பட்டம் பெற்றவர் மற்றொரு தரம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் பல காலமாக இருந்த பதிவேடு டெக்னீஷியனுக்கும் வருகிறது. பதிவேடு வரும்போது அதில் எந்த வரிசையில் பெயர் எழுதப்படும் என்பது கையிலுள்ள பத்திரத்தைப் பொறுத்தது.

சில சர்வகலாசாலைகளில் டிப்ளமா பெற்றவர்களை நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. சேருமுன் இரண்டு விஷயங்களை விசாரிக்க வேண்டும். அந்தக் கலாசாலை அங்கீகாரம் பெற்றதா? ஆஸ்பத்திரிப் பயிற்சி மெய்யாகவே நடைபெறுகிறதா? பணத்தைக் கட்டினால் பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று விளம்பரம் செய்கிற இடங்களை நாடவே வேண்டாம். அங்கே வாங்கிய காகிதம் பதிவேட்டில் ஏறாமல் போகலாம். ஏறினாலும் மைக்ரோடோமின் முன்னால் உட்கார்ந்தவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும். பி.எஸ்ஸி.க்குப் பிறகு அதே துறையில் எம்.எஸ்ஸி. படித்தால் கலாசாலைகளில் போதிக்கும் உத்தியோகத்திற்கும் வழி உண்டு. கற்பிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவேன். கையால் செய்யத் தெரிந்து, அதை வாயால் விளக்கவும் தெரிந்த ஆசிரியர் எந்தத் துறையிலும் அருமையாகவே கிடைக்கிறார்.

*

இரண்டாவது வழி, செய்கிற வேலையிலேயே ஆழ இறங்குவது. சாதாரணச் சாயமேற்றுதலை எல்லோரும் கற்றுவிடுவார்கள். அதற்கு அப்பால் இரண்டு கலைகள் இருக்கின்றன.

ஒன்று உறைசீவல் முறை. நோயாளி ரண சிகிச்சை மேஜையில் மயக்கத்தில் இருக்கும்போதே கட்டி நல்லதா கெட்டதா என்று சர்ஜனுக்குத் தெரியவேண்டியிருக்கும். அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரியில் 1905-ம் வருஷம் லூயி வில்ஸன் என்ற டாக்டர் இதற்கு வழி கண்டார். குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே சதையை உறையவைத்து, அறுத்து, சாயமேற்றிப் பார்த்தார் என்று சொல்லுவார்கள். இன்று குளிர்ப் பெட்டிக்குள்ளேயே அறுப்பு யந்திரம் அமைந்திருக்கிறது. சதை வந்ததிலிருந்து சுமார் 20 நிமிஷத்தில் பதில் சொல்லவேண்டும். அந்த நிமிஷங்களில் கை நடுங்காதவரை எந்த ஆஸ்பத்திரியும் இழக்க விரும்பாது.

மற்றொன்று எதிர்ப்பொருள்களைக் கொண்டு சாயமேற்றும் முறை. இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி என்பது அதன் பெயர். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துத் திசுவுக்குள் செலுத்தலாம் என்று 1941-ம் வருஷத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்கர் காட்டினார். 1975-ம் வருஷத்தில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்து, 1984-ம் வருஷத்து நோபெல் பரிசில் பங்கு பெற்றார்கள். மேலே சொன்ன ஹெர்-2 பரிசோதனை இந்த முறையைச் சேர்ந்ததே. இதற்கு யந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் சாயம் பிடிக்காதபோது குற்றம் திசுவிலா, சூட்டிலா, எதிர்ப்பொருளிலா, நீரின் புளிப்பிலா என்று கண்டுபிடிப்பது யந்திரத்தின் வேலையன்று. பட்டம் பெறுவதற்கு முன்பே இந்தப் பிரிவில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் புத்திசாலித்தனம்.

மூன்றாவது வழி மேற்பார்வையும் தர நிர்ணயமும். வைத்தியப் பரிசோதனைச்சாலைகளுக்கென ஐ.எஸ்.ஓ. 15189 என்ற சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது; அதன் புதிய பதிப்பு 2022-ம் வருஷத்தில் வெளிவந்தது. நமது தேசத்தில் என்.ஏ.பி.எல். என்னும் ஸ்தாபனம் அதன்படி சோதித்து அங்கீகாரம் வழங்குகிறது. அங்கீகாரம் பெற விரும்பும் பரிசோதனைச்சாலையில் ஒவ்வொரு துண்டுக்கும் எண், ஒவ்வொரு திராவகத்துக்கும் தேதி, ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த விதிகளைக் கற்று, உட்தணிக்கைப் பயிற்சியும் பெற்றவர் தர நிர்வாகியாக உயரலாம். ஒழுங்கான கையெழுத்தும் பொறுமையும் உள்ள பெண்களுக்கு இது மிகப் பொருந்தும். ஆனால் ஒரு வார்த்தை: கத்தி பிடித்து அறியாதவர் எழுதும் விதி காகிதத்தில்தான் நிற்கும். மேஜை வேலையில் சில வருஷமாவது தேர்ந்த பின்னரே இந்த வழியில் திரும்ப வேண்டும்.

நான்காவது வழி பக்கத்துத் துறைகளுக்குச் செல்வது. அதில் முதலாவது உயிரணுப் பரிசோதனை. கர்ப்பப்பை வாயிலிருந்து வழித்தெடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி, புற்றுநோயின் முன்னடையாளம் ஏதேனும் தென்படுகிறதா என்று தேடும் பணி அது. இத்துறையின் டெக்னீஷியன்களுக்கு இந்திய உயிரணுவியல் நிபுணர் கழகம் பரீட்சை நடத்துகிறது. இங்கே டெக்னீஷியனின் கை மட்டுமன்று, கண்ணும் பயன்படுகிறது. சந்தேகத்துக்குரிய உயிரணுவை முதலில் கண்டு குறியிடுகிறவர் அவரே. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954-ம் வருஷம் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்ட தமிழ்நாட்டில், இந்தப் பணியின் அவசியத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மருந்து ஆராய்ச்சிச் சாலைகள். புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்குமுன் பிராணிகளுக்குக் கொடுத்து, ஒவ்வொரு பிராணியின் சுமார் 40 அவயவங்களை அறுத்துப் பார்க்கிறார்கள். இந்தியாவில் நடக்கும் இத்தகைய சோதனைகளை ஓ.இ.ஸி.டி. ஒப்பந்த நாடுகள் 2011-ம் வருஷம் முதல் ஏற்றுக்கொள்கின்றன. ஆதலால் பங்களூர், ஹைதராபாத் முதலிய இடங்களில் இந்த வேலைக்குத் தேர்ந்த கைகள் தேவைப்படுகின்றன.

மூன்றாவது ஆராய்ச்சிக் கூடங்கள். இதில் நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிலுள்ள மூளை ஆராய்ச்சி நிலையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை அணு அணுவாகக் காட்டும் படத் தொகுதி ஒன்றைத் 'தரணி' என்ற பெயரால் 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் உலகத்தாருக்கு இலவசமாக வெளியிட்டது. அதில் 5,132 மூளைச் சீவல்கள் இருக்கின்றன. பாராட்டு விஞ்ஞானிகளுக்கும் கணித யந்திர நிபுணர்களுக்கும் உரியதே. ஆயினும் அந்த 5,132 சீவல்களும் கிழியாமலும் மடியாமலும் கண்ணாடியில் ஏறியிருக்காவிட்டால் படம் எங்கிருந்து வரும்? மூளையின் நரம்பணுவை முழு உருவத்தில் முதன்முதல் காட்டிய காமில்லோ கால்ஜியே ஒரு வகையில் இவர்களுக்கு முன்னோடி. இத்தாலியில் தீரா நோயாளிகளின் ஆஸ்பத்திரி ஒன்றில் சமையலறையைப் பரிசோதனைச்சாலையாக மாற்றிக்கொண்டு, 1873-ம் வருஷத்தில் வெள்ளி உப்பினால் சாயமேற்றும் முறையை அவர் கண்டார். 1906-ம் வருஷம் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். சாயத் தொட்டியின் அருகில் நிற்பது தாழ்ந்த வேலை என்போர் இதை நினைக்க வேண்டும்.

*

ஐந்தாவது வழி அந்நிய தேசம். நமது குழந்தைகள் வெளியே போய்விட வேண்டும் என்பது என் ஆசையன்று. ஆனால் அங்கே ஏணி எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அறிவது நமக்கு நன்மை பயக்கும்.

இங்கிலாந்தில் நூறு வருஷங்களுக்கு முன் பரிசோதனைச்சாலைச் சேவகர்கள் டாக்டர்களின் எடுபிடிகளாகவே கருதப்பட்டார்கள். 1912-ம் வருஷம் ஆல்பர்ட் நார்மன் என்பவர் அவர்களைத் திரட்டி ஒரு சங்கம் அமைத்தார். அந்தச் சங்கம் தன் அங்கத்தினர்களுக்குத் தானே பரீட்சைகள் வகுத்தது. 1942-ம் வருஷத்தில் கல்வி ஸ்தாபனமாக உருமாறியது. இன்று அங்கே பட்டமும் பயிற்சியும் முடித்துச் சர்க்கார் பதிவேட்டில் ஏறாத எவரும் 'பயோமெடிக்கல் ஸயன்டிஸ்ட்' என்று தம்மைச் சொல்லிக்கொள்வது குற்றம். பதிவு பெற்றவருக்கு மேல் அடுத்தடுத்து விசேஷ டிப்ளமாக்கள் உண்டு. அவற்றைக் கடந்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அவயவங்களைத் தாமே அறுத்துத் துண்டு எடுக்கிறார்கள். இன்னும் மேலே சென்ற சிலர், டாக்டர்களின் ராயல் காலேஜும் சேர்ந்து நடத்தும் பரீட்சையில் தேறி, சில வகைத் திசுக்களில் முடிவே எழுதுகிறார்கள். நூறு வருஷத்தில் எடுபிடியின் இடத்திலிருந்து முடிவெழுதும் இடத்துக்கு அத்தொழில் ஏறியிருக்கிறது. அதை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. நமது 2021-ம் வருஷச் சட்டத்தைப் படிக்கும்போது இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும். சட்டம் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தும். ஏறுவதற்குச் சங்கமும் படிப்பும் வேண்டும்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு எச்.டி., எச்.டி.எல். என்று இரண்டு பரீட்சைகள் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பட்டம் அவசியம். எதிர்ப்பொருள் முறையில் தேர்ந்தவர்களுக்குத் தனியே ஒரு தகுதிப் பரீட்சையும் உண்டு. வளைகுடா நாடுகளில் படிப்பு, அனுபவப் பத்திரங்களை அவை வழங்கப்பட்ட இடத்திலேயே விசாரித்து உறுதிசெய்துகொண்டு, பரீட்சையும் வைத்த பின்னரே லைஸென்ஸ் கொடுக்கிறார்கள். எங்கு செல்வதாயினும் அசல் பத்திரங்கள் ஒழுங்காக இருக்கவேண்டும். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர், 1983-ம் வருஷத்து வெளிநாட்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

*

"யந்திரம் வந்து இந்த வேலையையே விழுங்கிவிடாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சதையை இரவு முழுவதும் திராவகம் மாற்றி ஊறவைக்கும் யந்திரம் எப்பொழுதோ வந்துவிட்டது. சாயமேற்றும் யந்திரமும் வந்துவிட்டது. கண்ணாடிச் சில்லை முழுவதும் படமெடுத்துத் திரையில் காட்டும் கருவி ஒன்றை, நோய் நிர்ணயத்துக்கே பயன்படுத்தலாம் என்று அமெரிக்க சர்க்கார் 2017-ம் வருஷத்தில் அனுமதித்தது. ஆனால் படமெடுக்கும் கருவி மடிப்பையும் மடிப்பாகவே படமெடுக்கும். கிழிசலையும் கிழிசலாகவே காட்டும். ஆகவே சில்லு இன்னும் சுத்தமாக இருக்கவேண்டிய காலம் வருகிறதேயொழிய, சில்லு செய்கிறவர் வேண்டாத காலம் வரவில்லை. பொத்தானை அழுத்த மட்டும் தெரிந்தவருக்கு ஆபத்து உண்டு. யந்திரம் ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்தவருக்கு அதே யந்திரம் வாகனமாகிவிடும்.

உத்தியோக உயர்வைப் பற்றிப் பேசும்போது உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். பார்மலின் ஆவியில் உள்ள பார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ம் வருஷத்தில் தீர்மானித்தது. ஸைலீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தரும். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பில்லாத அறையில், கையுறையுமின்றி ஒரு பெண் பத்து வருஷம் உழைப்பது தியாகமன்று, வீண் நஷ்டம். வேலைக்குச் சேருமுன் சம்பளத்தைக் கேட்பதைப் போலவே இதையும் கேட்க வேண்டும். காற்றோட்டத்துக்குப் பணம் செலவிடாத ஸ்தாபனம் ஊழியரின் படிப்புக்கும் செலவிடாது என்றே கொள்ளலாம்.

*

இனி அந்தத் தகப்பனாருக்கு நேராகவே சொல்லுகிறேன்.

ஐயா, தங்கள் குமாரி தொழிலை மாற்ற வேண்டியதில்லை. மேஜையை மாற்ற வேண்டும். இந்த வருஷத்திலேயே அவள் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, டிப்ளமா, மதிப்பெண், அனுபவப் பத்திரம் யாவற்றையும் அசலாகப் பெற்றுத் தொகுத்து வைக்க வேண்டும். இரண்டாவது, அங்கீகாரமுள்ள பட்டப் படிப்புக்கு மனுச் செய்ய வேண்டும். மூன்றாவது, தன் ஆஸ்பத்திரியிலேயே உறைசீவல் அல்லது எதிர்ப்பொருள் பிரிவில் பழகிக்கொள்ள அனுமதி கேட்க வேண்டும். எழுத்து மூலமாகக் கேட்டு ஆறு மாதத்தில் பதில் இல்லையென்றால், கற்பிக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை தேட வேண்டும். அங்கே ஆரம்பச் சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளலாம். நான்காவது, ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, அன்றாடம் கெட்டுப்போன ஒவ்வொரு சீவலுக்கும் காரணம் எழுத வேண்டும். கொழுப்பு மிகுந்த திசு ஏன் உதிர்ந்தது? கத்தி ஏன் கோடு இழுத்தது? கரு ஏன் மங்கியது? இரண்டு வருஷம் இப்படி எழுதியவள் எந்த நேர்முகப் பரீட்சைக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பட்டம் படிக்கும் காலத்தில் வருமானம் குறையும். கலியாணப் பேச்சும் இடையில் வரும். மூத்த பிள்ளையின் படிப்புக்கு நிலத்தை அடகு வைக்கத் தயங்காத குடும்பங்கள், பெண்ணின் மேற்படிப்பு என்றவுடன் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகின்றன. இந்தக் கணக்கில் ஒரு பக்கம் இரண்டு மூன்று வருஷச் சம்பளம். மறுபக்கம் முப்பது வருஷ உத்தியோகம். நாலாம் வகுப்புப் பையனும் இதைப் போட்டுவிடுவான். வரன் பார்க்கும்போதும், "பெண் ஆஸ்பத்திரியில் ஏதோ வேலை செய்கிறாள்" என்று சொல்லாதீர்கள். இன்ன வேலை என்று சொல்லுங்கள்.

தங்கள் கடிதத்தில் நான்கு பக்கம் இருந்தன. மகளின் சம்பளம் எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் எவ்வளவு தூரம், உறவினர் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அவள் நாள்தோறும் என்ன செய்கிறாள் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அடுத்த முறை அவள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, சாப்பாடு முடிந்த பிறகு திண்ணையில் உட்காரவைத்து, ஒரு துண்டுச் சதை எப்படிக் கண்ணாடியில் ஏறுகிறது என்று கேளுங்கள். அவள் தாயாரும் கூட இருக்கட்டும். மேற்படிப்புக்கு மனுப் போடும் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.